அண்ணனுக்காக நான் பேசிய டொச்

மலேசியாவில் இரவு எட்டு மணிக்கு ஆட்டம் தொடங்கினால், ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காருவேன். தென்கிழக்காசிய நாடுகளுக்கிடையே நடக்கும் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் என் அண்ணன் ஓர் அணிக்குப் பயிற்சியாளர். சீனப் பெடியங்கள், மலாய்ப் பெடியங்கள், இரண்டு அமெரிக்கர்கள். அவர்கள் நடுவே மொட்டைத் தலையோடு ஒரு யாழ்ப்பாணத்தான்.

ஆட்டத்தை நிறுத்தி அவர் பலகையில் கோடு கிழிக்கும்போது, பின்னால் ஓர் இளைஞன் குனிந்து நின்று அவர் சொல்வதைச் சீனத்தில் சொல்வான். போன ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. கடைசி நிமிடத்தில் அவன் எதையோ மாற்றிச் சொல்லிவிட்டான். ஒரு பெடியன் தப்பான பக்கம் ஓடினான். ஆட்டம் கையைவிட்டுப் போயிற்று. அண்ணன் அந்த இளைஞனைத் திட்டவில்லை. தோளில் கையைப் போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நான் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

அண்ணனின் முதல் மொழிபெயர்ப்பாளன் நான்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அண்ணனுக்கு இருபது. அம்மாவின் தம்பியான மாமாவோடு ஒரு சிறு நகரத்து அகதிகள் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். ஹைம் என்போம் அதை. பள்ளிக்கூடம் போனதால் டொச், அதுதான் ஜெர்மன் மொழி, எனக்குச் சீக்கிரம் வாய்த்துவிட்டது. பெரியவர்களுக்கு ஏறவில்லை. யாருக்கு எந்த அலுவலகத்தில், எந்த வைத்தியரிடம் டெர்மின் என்று நேரம் குறித்திருந்தாலும் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள். மற்றப் பிள்ளைகள் பந்தடிக்கும் நேரத்தில் நான் யாரோ ஒருவரின் மூலவியாதியை வைத்தியருக்கு விளக்கிக்கொண்டிருப்பேன். அதில் எனக்குச் சரியான தலைக்கனம்.

விடுதிக்குப் பின்னாலிருந்த பள்ளி மைதானத்தில் அண்ணன் பந்து போடுவதைப் பார்த்து, உள்ளூர்க் கழகத்தின் பயிற்சியாளர் அவரைத் தன் இரண்டாம் அணியில் சேர்த்துக்கொண்டார். ஆட்டக்காரர்கள் இருக்கும் வாங்கின் நுனியில் உட்கார்ந்து, அந்த மனிதர் கத்துவதையெல்லாம் நான் தமிழில் கத்துவேன். ஆனால் வெளியூர் ஆட்டங்களுக்கு அண்ணன் போக முடியாது. அனுமதியில்லாமல் அகதிகள் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. விளையாடப் போகிறேன் என்றால் அனுமதி கொடுக்கவும் மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை, எங்கள் மாவட்டத்துக்கு வெளியே பீலெஃபெல்டில் ஓர் ஆட்டம் வந்தது. அதில் நன்றாக ஆடினால் அடுத்த பருவம் முதல் அணியில் இடம் என்றார் பயிற்சியாளர். அண்ணன் கள்ளமாகப் போனார். பயிற்சியாளரின் காரில், பின் இருக்கையில் நானும். கடைசி விநாடிகளில் இரண்டு பேருக்கு நடுவே எழும்பி அண்ணன் போட்ட பந்து வளையத்தைத் தொடாமலே இறங்கியது. வென்றோம். திரும்பும் வழியெல்லாம் பயிற்சியாளர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். இடம் உறுதி என்று அவர் சொன்னதை அண்ணனுக்குத் தமிழில் சொன்னவனும் நான்தான்.

அடுத்த கிழமை அண்ணனின் அகதிப் பத்திரத்தைப் புதுப்பிக்க அலுவலகத்தில் டெர்மின். படியேறும்போது அண்ணன் என் காதுக்குள் சொன்னார்: “சனிக்கிழமை எங்கை எண்டு கேட்டா, ஹைமிலதான் இருந்தவர் எண்டு சொல்லு. வேற ஒண்டும் கதையாதை.”

அங்கிருந்த பெண் அப்படிக் கேட்கவேயில்லை. அண்ணனின் உயரத்தைப் பார்த்து, உன் அண்ணன் கூடைப்பந்து ஆடுவாரா என்றார். என் மகனும் ஆடுவான் என்றார். சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டால்தானே அந்தப் பதில் என்று நினைத்தேன். நான் எழுந்து நின்று, அந்தக் கடைசிப் பந்தை எப்படிப் போட்டார் என்று கையைத் தூக்கிக் காட்டினேன். எங்கே நடந்தது என்று கேட்டார். பீலெஃபெல்டில் என்றேன். அண்ணனுக்கு விளங்கிய ஒரே சொல் அதுதான். மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். பெரிய கால்களை வைக்க இடம் போதவில்லையாக்கும் என்று நான் காலை ஒதுக்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டார். உன் டொச் மிக அழகாக இருக்கிறது என்றார். நன்றி சொன்னேன்.

வெளியே வந்ததும் என்ன கேட்டவ என்றார் அண்ணன். உங்கள் விளையாட்டைப் பற்றித்தான், கேட்டுச் சந்தோசப்பட்டா என்றேன். அவர் குனிந்து என் மேற்சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

“ஓம்,” என்றார்.

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இன்னொரு தடவை எல்லை தாண்டினால் சிறை என்று எழுதியிருந்தார்கள். கழகத்து நிர்வாகிகளும் பயந்துபோய் அண்ணனின் பெயரை எடுத்துவிட்டார்கள். மாமா அறைக்குள் நின்று குதித்தார்.

“ஆரடா அவைக்குச் சொன்னது?”

அண்ணன் என் பக்கம் திரும்பவேயில்லை. “நான்தான் மாமா. வாய் தவறிச் சொல்லிப்போட்டன்.”

“வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதோ உனக்கு? பெரிய வீரன்.”

அண்ணன் ஏன் அப்படிச் சொன்னார் என்று விளங்க, எனக்கே பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது. அன்று எனக்கு வந்தது கோபம். கடையில் பாண் கேட்கவே தெரியாத மனிதர், நான் அவ்வளவு வடிவாகப் பேசிய டொச்சைத் தான் பேசியதாகச் சொல்கிறாரே என்று பொருமினேன். அவரோடு கதைப்பதை நிறுத்தினேன். அண்ணனும் அதிகம் கதைக்கவில்லை. மலேசியாவில் இருந்த அத்தையிடம் போய்விடுவதாக மாமாவிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

ஒரு பின்னேரம் பயிற்சியாளர் ஹைமுக்கு வந்தார். மாமா வேலைக்குப் போயிருந்தார். நான் கட்டிலில் போர்வைக்குள் கிடந்தேன். “தம்பி, இஞ்சை ஒருக்கா எழும்பி வா,” என்று அண்ணன் கூப்பிட்டார். நித்திரைபோலக் கிடந்தேன். பயிற்சியாளர் மெதுவாக, சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசினார். தனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார், அனுமதி எடுத்துத் தரலாம் என்கிறார், ஒரு மாதம் மட்டும் பொறு, எங்கேயும் போய்விடாதே. ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.

இதை இன்றுவரை அண்ணனிடம் நான் சொன்னதில்லை. அடுத்த கிழமை அவர் மலேசியாவுக்குப் போய்விட்டார்.

அன்று, அவருக்குத்தான் டொச் தெரியுமே, அவரே விளங்கிக்கொள்ளட்டும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். எனக்குப் பின்னால் அண்ணன், அந்த மனிதர் சொன்ன எல்லாவற்றுக்கும் “யா, யா” என்று மரியாதையாக ஆமாம் போட்டுக்கொண்டு நின்றார்.