தீர்க்கதரிசி கண்ட லொறி

வெளிநாட்டிலிருந்து ஒரு தீர்க்கதரிசி வருகிறார் என்று எங்கள் பாஸ்டர் அறிவித்தபோது எனக்குக் கொட்டாவிதான் வந்தது. அதற்கு முன்பும் இரண்டு பேர் வந்துபோயிருந்தார்கள். ஒருவர் எங்கள் தீவுகளின் மேல் எண்ணெய் ஊற்றப்படுவதைக் கண்டார். மற்றவர் அக்கினி இறங்குவதைக் கண்டார். குடிதண்ணீர் வருவதை மட்டும் ஒருவரும் காணவில்லை.

நான் இளைப்பாறிய ஆங்கில ஆசிரியை. வீடு வேலணையில், சபை ஊர்காவற்றுறையில். வெளிநாட்டு ஊழியர்கள் வரும்போது மேடையில் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பது என் வேலை. ஆண்டவரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய பெயரில் விசிட்டிங் காட் அடித்துக்கொண்டு திரிகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு இளக்காரம்.

எங்கள் பாஸ்டர் முன்பு மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தவர். அந்தத் தொழிலில் கெட்டிக்காரர். அவர் தொட்ட எஞ்சின் மறுபடி நிற்காது. அதை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தது தீவகத்துக்கு நட்டம். சில காலமாக அவருக்குப் பாஸ்டர் என்ற பட்டம் போதாமல் போயிருந்தது. “அப்போஸ்தல மூடுதலுக்குக் கீழ வரவேணும்” என்று பிரசங்கத்துக்குப் பிரசங்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மூடுதலை, அதாவது பெரிய ஊழியர் ஒருவரின் ஆவிக்குரிய அதிகாரத்தையும் காவலையும், கொண்டுவருகிறவர்தான் இந்த விருந்தாளி.

வந்தார். கொதிக்கிற வெயிலில் கறுப்புக் கோட்டு. கையில் இரண்டு மோதிரம். அவர் நீட்டிய விசிட்டிங் காட்டில் அப்போஸ்தலர், தீர்க்கதரிசி, கலாநிதி என்று மூன்று பட்டங்கள் வரிசையாக இருந்தன. பெயர் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒதுங்கிக் கிடந்தது.

மத்தியானச் சாப்பாடு பாஸ்டர் வீட்டில். நண்டுக் கறியும் கணவாய்ப் பிரட்டலும் விருந்தாளிக்குப் பிடித்துப்போய்விட்டன. பாஸ்டருக்கு ஆங்கிலம் கொஞ்சம் விளங்கும், பேச வராது. ஆகவே சாப்பாட்டு மேசையிலும் நான்தான் வாய்.

“ரீச்சர், பின்னேரக் கூட்டத்துக்கு வாற ஆக்களைப் பற்றி இவருக்குக் கொஞ்சம் சொல்லுங்கோ. ஜெபிக்கிறதுக்கு” என்றார் பாஸ்டர்.

ஜெபிக்கத்தானே என்று நானும் சொன்னேன். ஒரு ஐயாவின் முழங்கால் வருத்தம், ஒரு தாயின் மகனுக்கு விசா கிடைக்காத கதை. பிறகு எங்கள் சபையில் தையல் தைத்துப் பிழைக்கிற ஒரு பெண்ணுக்கு வந்தோம்.

“அவவின்ர புருசன் ஓட்டி. சண்டை நேரம் அவரைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள், ஆள் திரும்பி வரேல்லை. இவ்வளவு காலம் பேசாமல் இருந்தவ, இப்ப மரணச் சான்றிதழ் எடுத்துப்போட்டா. காரைநகரில தாரமிழந்த ஒரு மனிசனைக் கலியாணம் முடிக்கப் போறாவாம். ஆள் சைவ சமயம். இதைச் சபை பாத்துக்கொண்டு இருக்க ஏலாது. அப்போஸ்தலர் விசேஷமா ஜெபிக்க வேணும்” என்றார் பாஸ்டர்.

ஓட்டி என்றால் எங்கள் பக்கத்தில் படகு ஓட்டுகிறவர். கடலையும் வள்ளத்தையும் விளக்கிக்கொண்டிருந்தால் என் சோறு ஆறிவிடும். ‘டிரைவர்’ என்று சுருக்கிச் சொல்லிவிட்டேன். விருந்தாளி நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டே தலையை ஆட்டினார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காணாமற்போன ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது சாப்பிடுகிற கை ஒரு கணமாவது நிற்கும் என்று நினைத்திருந்தேன். நிற்கவில்லை.

பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. புங்குடுதீவிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் தீர்க்கதரிசி கண்ணை மூடினார். முழங்கால் வருத்தக்கார ஐயாவைக் கூப்பிட்டு, “உம்முடைய கால்களில் வேதனையைக் காண்கிறேன்” என்றார். தடி ஊன்றி நடக்கிறவரின் காலில் வேதனையைக் காணப் பரலோகம் வரை போகத் தேவையில்லை. அடுத்து அந்தத் தாயைக் கூப்பிட்டு, மகனுக்கு வாசல் திறக்கிறது, ஆகாய விமானம் தெரிகிறது என்றார். சனம் கைதட்டியது. எங்கள் தீவுகளில் யாரைக் கூப்பிட்டு விமானம் என்று சொன்னாலும் கைதட்டத்தான் செய்வார்கள்.

மேசையில் நான் சொன்னவைதான் வருகின்றன என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். மொழிபெயர்க்கிறவளுக்குக் காது இருக்கும், நாக்கு இருக்கும். நடுவில் யோசிக்க நேரம் கிடைப்பதில்லை.

மூன்றாவதாகத் தையல்காரப் பெண்ணை எழுப்பினார். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். அவர் கையை நீட்டினார். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

“நீளமான ஒரு தெருவைக் காண்கிறேன். பெரிய லொறி ஒன்று வருகிறது. அதை ஓட்டுகிறவரின் முகத்தைக் கர்த்தர் எனக்குக் காட்டுகிறார். மகளே, அவர் உன் கணவர்.”

அவள் என்னைத்தான் பார்த்தாள்.

“லொறியோ? அவருக்குச் சைக்கிளே ஒழுங்கா ஓடத் தெரியாது ரீச்சர். அவர் வள்ளம் ஓடினவர்.”

பின்வாங்கில் இருந்து யாரோ சிரித்தார்கள். அந்த லொறி பரலோகத்திலிருந்து வந்ததல்ல. சோறு ஆறிவிடும் என்ற என் அவசரத்தில் பிறந்தது. ஆண்டவருக்கு ஓட்டி யார் என்று தெரியும், அவரே படகுக்காரரோடு கடலில் திரிந்தவர். இந்தக் கோட்டுக்காரருக்குத்தான் தெரியாது.

தீர்க்கதரிசி அசரவில்லை. சனத்தின் சிரிப்பை ஆனந்தக் களிப்பு என்று எடுத்துக்கொண்டாரோ தெரியாது. குரலை உயர்த்தி மேலும் சொன்னார். கணவர் உயிரோடு இருக்கிறார், அவள் கையெழுத்து வைத்த மரணச் சான்றிதழைக் கர்த்தர் கிழித்துப்போடுகிறார், வேறொரு ஆணுக்கு அவள் கதவு திறக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும்.

அதை நான் தமிழில் சொல்லவில்லை. அவர் திரும்பவும் சொன்னார். முன்வரிசையில் இருந்த பாஸ்டர் எழுந்து, “சொல்லுங்கோ ரீச்சர்” என்றார்.

அந்தச் சான்றிதழை எடுக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒருமுறை பதிவுக் கந்தோர் வாசல் வரை போய், உள்ளே போக மனம் வராமல் என் வீட்டுக்குத் திரும்பி வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனவள். அதைக் கிழிக்க இவர் யார்?

மைக்கைக் கிட்டப் பிடித்துச் சொன்னேன்: “இவர் சொல்லுறது ஒண்டும் வெளிப்பாடில்லை. மத்தியானம் பாஸ்டர் வீட்டில சாப்பிடேக்கை நான் இங்கிலிசில சொல்லிக் குடுத்த கதை. ஓட்டியை டிரைவர் எண்டு சொன்னதும் நான்தான். அதுதான் லொறி வந்தது.”

மைக் செத்துவிட்டது. யாரோ வயரைப் பிடுங்கியிருந்தார்கள். கீபோட் வாசிக்கிறவர் பதறிப்போய் ஒரு துதிப்பாட்டைத் தொடங்கினார். தீர்க்கதரிசிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் முகங்கள் தெரிந்தன. என் பக்கம் விரலை நீட்டி ஆங்கிலத்தில் முழங்கினார். சனம் விளங்காமல் முழித்தது. என்னைத் திட்டுவதற்கும் அவருக்கு நான்தான் வேண்டியிருந்தது.

அதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். மைக் இல்லாவிட்டால் என்ன, வகுப்பறையில் பழகிய தொண்டை.

“இந்தப் பெண்ணுக்குள் கலக ஆவி இருக்கிறதாம். அபிஷேகம் பெற்றவரை எதிர்க்கிறேனாம். என் நாவு கட்டப்படுமாம்.”

சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். என் நாவு இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறது.

அவள் எனக்கு முன்னரே வெளியே போய்விட்டாள். இறங்குதுறைப் பக்கம் நடந்து பார்த்தேன். காரைநகருக்குப் போகிற படகைப் பார்த்தபடி நின்றாள். மன்னிப்பு, விளக்கம் என்று நான் தொடங்குவதற்குள் திரும்பினாள்.

“என்ர மனிசனைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில கதைக்க உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஜெபத்துக்கெண்டு பாஸ்டர் கேட்டவர்.”

“ஜெபம்!” என்றாள். காறித் துப்புவாள் போல இருந்தது. பிறகு, “கடைசியா அவர் சொன்னதை நீங்கள் சொல்லேல்லை. என்ன அது?” என்று கேட்டாள்.

மறைக்காமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அழவில்லை.

“வள்ளம் எண்டு சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பன் ரீச்சர். லொறி எண்ட பிறகும், ஆருக்குத் தெரியும், எல்லாத்தையும் மறந்துபோய் எங்கயோ லொறி ஓடிக்கொண்டிருக்கிறாரோ எண்டு ஒருக்கா நினைச்சனான். இவங்களுக்கு இது விளையாட்டு.”

எனக்கும் அதில் பங்கிருக்கிறது என்பது போல ஒருமுறை பார்த்தாள். பிறகு படகில் ஏறினாள்.

அடுத்த நாள் காலையில் எங்கள் பாஸ்டர் தலையில் எண்ணெய் ஊற்றப்பட்டு, தீவகத்தின் அப்போஸ்தலராக ஏற்படுத்தப்பட்டார். நான் போகவில்லை, போனவர்கள் சொன்னார்கள். சொல்லும்போதே சிரித்தார்கள். நெடுந்தீவுக்குப் படகேறினால் பாதிக் கடலில் சத்தி எடுக்கிறவர் அவர். அங்கே இருக்கிற நாலு விசுவாசக் குடும்பங்களைப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. சபை வாசலில் பெயர்ப்பலகை மாறியது. கதிரையும் மாறியது. பிரம்புக் கதிரை போய்ச் சிவப்பு வெல்வெட் வந்தது. பிரசங்கம் மட்டும் பழையதுதான்.

தையல்காரப் பெண் காரைநகர்க்காரரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். என்னையும் கூப்பிட்டாள். மாப்பிள்ளை பேசாத மனிதர். விருந்தில் எல்லோருக்கும் தானே சோறு போட்டார். அவள் சிரித்துக் கதைத்தாள், ஆனால் என்னோடு பழைய மாதிரி ஒட்டவில்லை. அது நியாயம்தான்.

சில மாதம் கழித்து எங்கள் புது அப்போஸ்தலர் மோட்டார் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். இன்னொரு வெளிநாட்டு ஊழியர் வருகிறாராம். தன்னுடைய மருமகளை மொழிபெயர்க்க விட்டுப் பார்த்தார்களாம், சரிவரவில்லையாம்.

“பழசை மறப்பம் ரீச்சர். கர்த்தருடைய வேலை தடைப்படக் கூடாது.”

“வாறன்” என்றேன். “ஆனா மேடையில மட்டும் இல்லை. மேசையில கதைக்கிறதையும் மைக்கில சொல்லுவன். சம்மதமோ?”

அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். முற்றத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள் உடனே பிடிக்கவில்லை. குனிந்து எதையோ திருகினார், ஒரே உதையில் இயங்கியது. கை இன்னும் தொழிலை மறக்கவில்லை. அதைச் சொல்லிப் பாராட்ட நினைத்தேன், அதற்குள் அவர் படலையைத் தாண்டிப் போய்விட்டார். இப்போது கொழும்பிலிருந்து ஒருவர் வந்து மொழிபெயர்க்கிறாராம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே ஜெபித்துக்கொள்கிறேன். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.