சோயா எண்ணெய் மீது விழுந்த பழி

இதைக் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டுதான் சொல்லப்போகிறேன். பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

நான் பஸ் டிரைவர். டுரியான் துங்கால் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் விடிவதற்கு முன்பே ஆள் ஏற்றி, பத்து பெரண்டாம் ஃபேக்டரி வாசலில் இறக்கிவிடுவது என் வேலை. காலையில் "மார்னிங் அங்கிள்" என்று ஏறுகிற பெண்களில் பாதிப் பேருடைய அம்மாக்களையும் நான்தான் ஏற்றிப் போயிருக்கிறேன். ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டியவர்களின் பிள்ளைக்கு அந்த டிரைவர் சீட் லேசான விஷயம் இல்லை. அப்படிப்பட்ட என்னை, லைசென்ஸ் புதுப்பிக்க உடம்பைக் காட்டப் போன இடத்தில் டாக்டர் நிறுத்திவிட்டார். பிரஷர் ஏறிக் கிடந்தது. கொலஸ்ட்ரால் அதற்கு மேல்.

டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "இப்ப ஸைன் பண்ண முடியாது அங்கிள். பிரஷருக்கு மாத்திரை தரேன், ஒழுங்கா போடுங்க. சாப்பாட்ட மாத்துங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்," என்றார். நான் எழுந்திரிக்கும்போது, "வீட்டுல எண்ணெய கவனிங்க. எவ்ளோ ஊத்துறீங்க, எத்தன தடவ காய்ச்சுறீங்கன்னு பாருங்க," என்றும் சொன்னார். என் பஸ்ஸை வேறொருவன் தொடப்போகிறான் என்ற எரிச்சலில் 'எண்ணெய்' என்ற ஒரு சொல்தான் என் காதில் ஏறியது. மற்றதெல்லாம் அந்த கிளினிக் வாசலோடு நின்றுவிட்டது.

வீட்டில் வந்து சொன்னதும் என் மனைவி தன் அக்காவுக்குப் போன் போட்டாள். அங்கே பிடித்தது சனி. அந்த அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் வேதவாக்கு.

"என்ன எண்ணெய் ஊத்துற? சோயாவா? ஐயோ, அது விஷம்லா! இன்னிக்கே மாத்து," என்று ஸ்பீக்கரில் அலறினார்.

சோயா போய் தேங்காய் எண்ணெய் வந்தது. அது ரத்தக் குழாயை அடைத்துவிடும் என்று ஒரு வீடியோ வர, சூரியகாந்தி வந்தது. சூரியகாந்தியைக் காய்ச்சவே கூடாது என்று இன்னொரு வீடியோ. செம்பனை எண்ணெயாவது தப்பித்ததா என்றால், அதற்கும் அக்காவிடம் ஒன்று தயாராக இருந்தது. கடைசியில் ஆலிவ் எண்ணெய். அதில் பொரித்த கெம்போங் மீனை வாயில் வைத்தபோது, லைசென்ஸே வேண்டாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது.

தோன்றியதே தவிர, மனம் கேட்கவில்லை. காலையில் எங்கள் ரோட்டு முனையில் என் பஸ் திரும்புகிற சத்தம் கேட்கும். புது டிரைவர் கியரை நசுக்குவான். சமையலறையில் சீனி போடாத தேத்தண்ணியோடு உட்கார்ந்து அதைக் கேட்பேன். எனக்கு அழுகை வரும். ஆண்பிள்ளை அழலாமா என்று யாராவது கேட்டால், முதலில் உங்கள் பஸ்ஸைப் பறிகொடுத்துவிட்டு வந்து பேசுங்கள் என்பேன்.

நடுவில் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிரஷர் மாத்திரைக்கு அடங்கியிருந்தது. கொலஸ்ட்ரால் அசையவில்லை. கடையில் இருந்த எல்லா எண்ணெயும் மாற்றியாகிவிட்டது, இனி மாற்ற நான்தான் பாக்கி என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் மகளுக்குப் பிரசவம். மனைவி ஜொகூருக்குக் கிளம்பிவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அடுப்படி என் கைக்கு வந்தது. மீனைக் கழுவி மஞ்சள் தடவி வைத்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"எண்ணெய் எங்கம்மா இருக்கு?"

"அடுப்புக்குக் கீழ பால்மாவு டின் இருக்கு பாருங்க. அதுல மொண்டு ஊத்துங்க. பத்தலன்னா புதுசு கொஞ்சம் சேர்த்துக்கலாம்."

மூடியைத் திறந்தேன். உள்ளே பால் விடாத கோப்பி ஓ மாதிரி கறுப்பாக இருந்தது. அடியில் மீன் தூள், வடைத் தூள், அப்பளத்தின் ஒரு துண்டு.

"இது எந்த எண்ணெய்?"

"எல்லாந்தாங்க," என்றாள்.

எல்லாம்தான். விஷம் என்று ஒதுக்கிய சோயா அரைப் போத்தல், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி, செம்பனை, ஆலிவ். தூக்கிப் போட மனம் வராமல் எல்லாவற்றையும் அந்த டின்னில்தான் ஊற்றியிருக்கிறாள். ஒவ்வொரு தடவை பொரித்து மிஞ்சியதும் அதே டின்னுக்குத்தான் போயிருக்கிறது. மீன் குழம்புக்குத் தாளித்ததும் அதிலிருந்துதான். மேலே எண்ணெய் மாறிக்கொண்டே இருக்க, கீழே நான் சாப்பிட்டது ஒரே எண்ணெய். டாக்டர் சொன்ன மீதிப் பேச்சு அன்றைக்குத்தான் என் காதுக்கு வந்து சேர்ந்தது.

"இத வீட்ட விட்டு வெளியாக்கப் போறேன்," என்றேன்.

"ஐயையோ, எண்ணெயக் கொட்டினா லட்சுமி போயிடுவாங்க! அதுவும் வெள்ளிக்கிழமையில!"

"அப்ப நாளைக்குச் செய்றேன்."

"பொரிச்ச எண்ணெயில தாளிச்சாத்தான் மணமா இருக்குன்னு தட்ட வழிச்சு வழிச்சு சாப்பிட்டது யாரு?"

நான்தான். ஆனால் சனிக்கிழமை காலையில் பழைய எண்ணெய் எடுக்க வரும் லாரியில் டின்னோடு ஏற்றிவிட்டேன். கொட்டவில்லை, அனுப்பிவைத்தேன் என்று லட்சுமியிடமும் சொல்லிக்கொண்டேன். மனைவிதான் போனை எடுக்கவில்லை.

பேத்தியைக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள் பையில் ஒரு சின்னச் சட்டி வைத்திருந்தாள். நீட்டிக் காட்டி, "இனிமே இதுலதான் பொரியல். ரெண்டு மீனுக்கு மேல கேக்கக்கூடாது. ஊத்துற எண்ணெய் அன்னிக்கே தீரணும். மிச்சம் வந்தா உங்க தலையில ஊத்துவேன்," என்றாள்.

சொன்னால் சொன்னதுதான். பொரிக்காத நாளெல்லாம் செர்காம் கடற்கரையில் வாங்கிய மீன் வாழையிலையில் சுட்டோ, புளிக் குழம்பில் கொதித்தோ தட்டுக்கு வந்தது. வீட்டில் மறுபடியும் சோயா எண்ணெய்தான். அக்கா ஒரு வீடியோ அனுப்பினார். "அக்கா, எங்க வீட்டுல இப்ப எந்த எண்ணெய்க்கும் பெரிய வேலை இல்லலா," என்று பதில் போட்டாள் என் மனைவி. அன்றைக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

டாக்டர் ரத்த ரிசல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரஷர் அடக்கம், கொலஸ்ட்ராலும் இறங்கிவிட்டது. "என்ன அங்கிள் பண்ணீங்க?" என்று சிரித்துக்கொண்டே ஸைன் பண்ணினார். எனக்கு அந்தக் கிளினிக்கிலேயே ஆடவேண்டும் போல இருந்தது.

முதல் நாள் காலையில் பஸ்ஸை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, தண்ணீர் போத்தல் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால், என் மனைவி முன் சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் என் பஸ்ஸில் ஏறியதில்லை.

"எங்க போற?"

"ஒரு ரவுண்டு வரேன். ஓட்டுங்க."

முதல் ஸ்டாப்பில் ஏறிய பெண்கள் என்னைப் பார்த்ததும், "அங்கிள் வந்துட்டாரு!" என்று கத்தினார்கள். ஒருத்தி என் மனைவியைக் காட்டி, "இவங்க யாரு அங்கிள்?" என்று கேட்டாள்.

"என் லைசென்ஸுக்கு ஸைன் பண்ணவங்க," என்றேன்.

பஸ் முழுக்கக் கை தட்டியது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரோட்டப் பார்த்து ஓட்டுங்க," என்றாள்.