சப்பாத்தில்லாத கால்

கனவில் எனக்கு இரண்டு காலும் உண்டு. கீரிமலைக் கோயில் வீதியில் நடப்பேன். ஈர மணல் விரலிடுக்கில் ஏறும். விழித்தால், வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சண்டை ஓய்ந்து காணிக்குத் திரும்பிய காலத்தில் மிதிவெடியில் போனது.

பிறகு ஒரு செயற்கைக் கால் தந்தார்கள். பாதமும் சப்பாத்தும் ஒரே கட்டையாக இருந்தன. சப்பாத்தை மட்டும் கழற்ற ஏலாது. சப்பாத்தோடு கோயிலுக்குள் போகிறவளா நான்? செருப்பு விடுகிற இடத்திலேயே நின்று கும்பிடுவேன்.

"ஆச்சி, செருப்புகளுக்குக் காவலோ?" என்பாள் பூக்காரி.

"ஓம். முதல் உன்ரையைத்தான் களவெடுப்பன்."

இருவரும் சிரிப்போம். உள்ளே மணி கேட்டால் எனக்குச் சிரிப்பு நின்றுவிடும்.

என் மகள் கொழும்பில் எஞ்சினியர். தொழிற்சாலைகளுக்கு மிஷின் வரைகிறவள். நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். ஆனாலும் 'எஞ்சினியர்' என்ற சொல்லைக் ஊர் முழுக்கப் பிழையில்லாமல் சொல்லித் திரிந்தேன். ஒரு பின்னேரம் அவள் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"அம்மா, வேலையை விட்டிட்டன். இஞ்சை கால் செய்யிற இடத்திலை சேர்ந்திட்டன்."

"என்ன கால்? கதிரைக் காலோ, மேசைக் காலோ?"

"ஆக்களின்ரை கால். இவ்வளவு மிஷின் வரைஞ்சும் உங்களைக் கோயிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போக ஏலேல்லையே."

"உதுக்கோ படிச்சனீ? மகள் என்ன செய்யிறா எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

"கால் செய்யிறா எண்டு சொல்லுங்கோ."

நான் சொல்லவில்லை. அந்த இடத்துக்குப் போகவுமில்லை. கடைசியில் அவளே சாந்து பூசிய துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தண்ணீரில் நனைத்து, மிச்சக் காலைச் சுற்றிச் சுற்றி அச்செடுத்தாள். சாந்து இறுக இறுக இளஞ்சூடு ஏறியது. கண்ணை மூடினேன். வெயில் விழுந்த கேணியில், முழங்காலளவு தண்ணீரில் நிற்கிற மாதிரி இருந்தது. இரண்டு காலிலும் நிற்கிற மாதிரி.

புதுப் பாதம் ரப்பரில் வந்தது. மண்ணிறம், ஐந்து விரல்.

"என்ரை விரல் இவ்வளவு வடிவில்லையே, மோனை."

"வடிவைக் குறைச்சுத் தரவோ?"

"வேண்டாம், இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். பழக்கத்தில் செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றுவிட்டேன். மகள் தன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். நானும் குனிந்து கழற்றினேன். முதலில் இடது செருப்பு. பிறகு வலது.

பூக்காரி எட்டிப் பார்த்தாள். "ஆச்சி, சப்பாத்து எங்கை? உவ ஆர், எஞ்சினியர் மகளோ?"

"ஓம்," என்றேன், வீதியெல்லாம் கேட்க. "கால் செய்யிறா."

வாசற்படியில் நின்றேன். எங்கள் வழக்கப்படி வலது காலைத்தான் முதலில் வைக்க வேண்டும். அவள் செய்த காலை எடுத்து உள்ளே வைத்தேன். அந்தக் காலுக்குக் கல்லின் குளிர் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன்: விரலிடுக்கில் மணல் இருந்தது.