கிழக்கே இருந்த முள்காடு

இன்று காலை டீக்கடை அடுப்புக்கு யாரோ சீமைக் கருவேலம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சை விறகின் வாடை மூக்கில் ஏறியதும், ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே இருந்த, இப்போது வீட்டுமனைகளாகிவிட்ட முள்காட்டுக்கே போய்விட்டேன்.

அங்கே போவதற்கு முன்பெல்லாம் அம்மா மேற்கே மலைக்குப் போய்ச் சுள்ளி பொறுக்கி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஊருக்குள் விற்பாள். மலையைச் சரணாலயம் ஆக்கியபின் வனத்துறை கார்டு வழிமறித்தார். கூடப் போன பெண்கள் அழுதார்கள். மறுநாளே அம்மா அவர்களைக் கூட்டிக்கொண்டு கிழக்கே நடந்தாள், பின்னாலேயே நானும். பல வருடமாக உழாமல் முள் மண்டிக் கிடந்த புஞ்சையின் சொந்தக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றோம்.

"வேரோட எடுத்துத் தாரோம் மொதலாளி. வெறகு எங்களுக்கு, நெலம் ஒங்களுக்கு" என்றாள் அம்மா.

"முள்ளு கையைக் கிழிச்சிரும் ஆத்தா. பொம்பளையாளுகளால ஆவுமா?"

"செத்த நேரம் வந்து நின்னு பாருங்க."

அந்தக் கோடை முழுக்கக் கடப்பாரை கரிசலில் இறங்கும் சத்தமும், கிளை முறியும் சத்தமும், மத்தியானக் கஞ்சிக்கு முன்னால் ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி முள் எடுக்கும்போது விழும் அமைதியும்தான் எனக்கு விடுமுறை. ஆள் ஆழத்துக்கு இறங்கியிருந்த வேரைக்கூட அம்மா பாதியில் விடவில்லை.

ஐப்பசி மழைக்கு அங்கே சொந்தக்காரர் விதைத்த பருத்தி முளைத்தது. அதைப் பார்த்த பக்கத்துப் புஞ்சைக்காரர், "என் நெலத்தையும் எடுத்துத் தாரியா ஆத்தா?" என்று கேட்டார்.

"தாரோம். ஆனா வெறகு மட்டும் பத்தாது. மூணு வருசம் நாங்கதான் வெதைப்போம், வெள்ளாமையும் எங்களுக்கு" என்றாள் அம்மா.

விதைத்தோம்.