தனுஷியாவின் முதல் எஞ்சின்

எஞ்சின் உதிரிப்பாகக் கடையில் ஆறு வருடம் பெட்டி எடுத்துக் கொடுத்தவள் தனுஷியா. எந்த பில்டர் எந்த எஞ்சினுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மாலை வகுப்புக்குப் போய் டீசல் எஞ்சின் படித்து, சான்றிதழும் வாங்கினாள். ஆனால் அவளை நம்பி எஞ்சினைத் தொடவிட ஒரு படகுக்காரனுக்கும் மனம் வரவில்லை. ஒரு பெண்ணிடம் எப்படிக் கொடுப்பதாம்!

கடைசியில் மூன்று படகு வைத்திருக்கும் சுதாகரன்தான் இறங்கி வந்தான்.

"டீசல் ஹோஸ் எல்லாம் வெடிச்சிற்று புள்ள. பில்டரோட சேத்து மாத்தித் தா. கடலுக்குப் போய்த் திரும்பினா மூண்டு படகும் உன்ட கையில. நடுவில நிண்டுதோ, நீ கடைக்கே போயிரு."

தனுஷியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் விடிந்தும் விடியாமலும் படகில் இறங்கிவிட்டாள். டீசல் தாங்கியின் வால்வை மூடி, உக்கிப்போன குழாய்களை அறுத்தெறிந்தாள். பழைய பில்டருக்குள் கறுப்புக் கஞ்சி. புதியதன் ரப்பர் வளையத்தில் டீசல் தடவிக் கையாலேயே இறுக்கினாள். புதுக் குழாய், புதுக் கிளிப். தாங்கி வால்வைத் திறந்து, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினாள். பிறகு கண்ணகி அம்மனுக்கு நேர்ந்த மஞ்சள் துணியை, உப்புத் தண்ணீர் படாமல் ஷொப்பிங் பேக்கில் சுற்றி, மேல்தட்டில் நிமிர்ந்து நின்ற ஒரு குட்டைக் குழாயின் தலையில் இறுக்கிக் கட்டினாள். முதல் முடுக்கிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது!

அந்த நேரம் பார்த்து, கடலில் கீரி மீன் கூட்டம் தெரிவதாகச் செய்தி வந்தது. வாவியில் கிடந்த படகெல்லாம் பறந்தன. தனுஷியாவையும் ஏற்றிக்கொண்ட சுதாகரனின் படகு எல்லாவற்றையும் முந்தி முகத்துவாரத்துக்கு வந்தபோது, எஞ்சின் இருமியது, விக்கியது, நின்றேவிட்டது.

நீரோட்டம் படகை மணல் திட்டுப் பக்கம் இழுத்தது. சுதாகரன் நங்கூரத்தைப் போட்டான்.

"நான் அப்பவே நினைச்சன்!" என்றான்.

பின்னால் வந்த படகுகள் ஊளையிட்டுக்கொண்டு தாண்டிப் போயின. தனுஷியா குழாய்களைத் தடவிப் பார்த்தாள். கிளிப்பெல்லாம் இறுக்கம். கசிவே இல்லை. தாங்கியில் இருந்து பில்டருக்கு வரும் குழாயைக் கழற்றினாள். ஒரு சொட்டு டீசல் வரவில்லை. குழாயின் வாயில் விரலை வைத்தாள். குழாய் விரலை உள்ளே இழுத்தது!

டீசல் வெளியேறிய இடத்தை நிரப்பத் தாங்கிக்குள் காற்றுப் போகவில்லை. காற்று எந்த வழியாகப் போகும்?

ஒரே பாய்ச்சலில் மேலே ஏறி, மஞ்சள் துணியைப் பிய்த்தாள். தாங்கியின் மூச்சுக்குழாய் 'உஸ்' என்று காற்றை உறிஞ்சியது. இறங்கிக் குழாயைப் பூட்டி, பம்பை அடித்து, காற்றை எடுத்து, எஞ்சினை முடுக்கினாள். படபடவென்று முழங்கியது.

"என்ன புள்ள பிழை?" சுதாகரன் கத்திக் கேட்டான்.

கடையில் வாங்கிய சாமானில் பழியைப் போட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

"தாங்கி மூச்சு விர்ற குழாய நான்தான் அடைச்சிற்றன் அண்ணன். அம்மனுக்கு நேந்த துணிய அதில கட்டினன். பிழை என்டதான்."

சுதாகரன் தொலைபேசியை எடுத்து, மற்றப் படகில் இருந்த மைத்துனனிடம் பேசினான்.

"வேற ஆள் தேடாத மச்சான். எங்களுக்கு மெக்கானிக் கிடைச்சிற்று. ஓம், பொம்புளைதான். பிழை விட்டா விட்டதெண்டு சொல்றா. நீ அப்பிடி ஒருத்தன எங்கயாவது கண்டனியா?"

தனுஷியாவுக்குக் கூவ வேண்டும்போல் இருந்தது. கூவினாள்.