பார்ன்வெல் வெட்டி எறிந்த பேச்சு

கிளியோடிஸ் பார்ன்வெல் பாட்டுக் கேட்கும் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்ற மாட்டார். டெலிபோன் ரிசீவரை எடுத்துக் கீழே வைப்பார். சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவார்; அதன் உறுமல் பேஸ் வாத்தியம் வாசிக்கிறவனோடு சண்டை போடுகிறதாம்! பிறகு இசைத்தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் விளிம்போடு பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தூசியைத் துடைத்து, ஊசியை இறக்குவார். தட்டின் அந்தப் பக்கம் ஓடி முடிகிறவரை வீட்டில் யாரும் இருமக்கூடாது. அவர் மனைவி வெர்டெல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பாள். அவள் ஆசையாக வாங்கிவைத்த பீச் ஐஸ்கிரீம் எத்தனை ஞாயிறு உருகிக் கஞ்சியாகியிருக்கிறது தெரியுமா? அதற்கும் அவள் ஒன்றும் சொன்னதில்லை.

சிகாகோவின் தென்பகுதியில், எங்கள் தெருவில், ஜாஸ் கேட்காதவன் எவன்? ஆனால் நாங்கள் கேட்பது முடிவெட்டும் கடையில், கெளுத்தி மீன் பொரியும் வாசனையில், ஊர் வம்புக்கு நடுவில். மேடையில் ஒருவன் நன்றாக ஊதினால் "அப்படிப் போடு ராசா!" என்று கத்துவோம். அதைக் கேட்டு அவன் இன்னும் ஊதுவான். கிளியோடிஸுக்கு அது ஆகவே ஆகாது. வாரமெல்லாம் பஸ் ஓட்டி, ஹாரனும் சண்டையும் கேட்டுக் காது புண்ணாகிப்போன மனுசன், பாவம், விடுங்கள் என்று வெர்டெல்தான் அவருக்காகப் பரிந்து பேசுவாள்.

இசைத்தட்டு சேர்க்கும் பைத்தியம் வேறு. தெருவில் வயசாளி யாராவது போய்ச் சேர்ந்தால், அடக்கம் முடிந்த கையோடு வெர்டெலைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடுவார். அவள் கையில் ஒரு கேக் இருக்கும். அவள் உள்ளே விதவையைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருப்பாள். இவர் கூடத்தில் செத்தவருடைய அலமாரியில் விரலை ஓட்டிக்கொண்டிருப்பார். வெட்கங்கெட்ட வேலைதான். ஆனாலும் அவரிடம் இருந்த தட்டுகள் வேறு எவரிடமும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பெருமை அவருடைய டேப்புகள். அந்தக் காலத்தில் பாம் லீஃப் லவுஞ்ச் என்ற மதுக்கூடத்தில் ஞாயிறு பிற்பகல் கச்சேரி நடக்கும். சூட்கேஸ் மாதிரி ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய், மேடைக்குப் பக்கத்து மேசையில் வைத்து, முழுக் கச்சேரியையும் பிடித்துவிடுவார். திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும் சவரக்கத்தித் தகடும் ஒட்டு நாடாவுமாக உட்காருவார். எங்கெல்லாம் பேச்சும் சிரிப்பும் கிளாஸ் சத்தமும் வருகிறதோ, அங்கெல்லாம் டேப்பை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டுவார். டிட்ராய்ட்டிலும் ஸ்வீடனிலும் அவரோடு டேப் மாற்றிக்கொண்டவர்கள், பார்ன்வெல் டேப்பில் பாட்டைத் தவிர ஒரு சத்தம் இருக்காது என்று சத்தியம் செய்வார்கள்.

போன குளிர்காலத்தில் வெர்டெலுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் பேச்சு திரும்பாமலே இறந்துபோனாள்.

அவர் அழுதார், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரை நிஜமாகவே உடைத்துப்போட்டது அதற்குப் பிறகு வந்த ஒரு காலை. பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அவள் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரலை நினைத்துப் பார்த்தார். வரவில்லை. முகம் வந்தது, கை வந்தது, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி வந்தது, குரல் வரவில்லை. எந்தச் சாக்ஸபோன்காரன் எந்த வருஷம் எந்த இடத்தில் மூச்சு வாங்கினான் என்று சொல்லக்கூடிய மனுசனுக்குத் தன் பெண்டாட்டியின் குரல் மறந்துபோனது.

டேப்பில் இருப்பாளே! ஒவ்வொரு ஞாயிறும் கச்சேரியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளே! வாயைக்கூடக் கொப்பளிக்காமல் ஓடிப்போய் முதல் டேப்பைப் போட்டார். அந்த வசந்தகாலம் முழுக்க வேறு வேலையே பார்க்கவில்லை. தட்டுகளைத் தொடவில்லை. ஒவ்வொரு டேப்பையும் முதலிலிருந்து கடைசிவரை காதை ஒட்டிக் கேட்டார். பாட்டு, பாட்டு, மறுபடி பாட்டு. ஒட்டுப்போட்ட இடங்களில் ஒரு சின்ன 'டிக்'. அவ்வளவுதான். அவள் பேசியதையெல்லாம் அவரே வெட்டிக் குப்பையில் போட்டிருந்தார்.

கடைசியில்தான் ஹோசியா டிப்ஸ் ஞாபகம் வந்தது. ஹோசியா முடிவெட்டும் கடைக்காரன். அந்த நாளில் அதே மேசையில் தன் பெட்டியையும் வைத்து டேப் பிடித்தவன். சுத்தச் சோம்பேறி. இடைவேளையில் பெட்டியை நிறுத்தாமலே பாருக்குப் போய்விடுவான். வெட்டுவது, ஒட்டுவது எதுவும் கிடையாது. அவன் டேப்புகளைக் குப்பை என்று கிளியோடிஸ் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போது அந்தக் குப்பைக்காகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வாசலில் போய் நின்றார்.

"யோவ் கிளியோ! நீயா? வழி தவறி வந்துட்டியா?" என்றான் ஹோசியா.

"பழைய டேப்பு ஏதாவது வச்சிருக்கியா? பாம் லீஃப்ல பிடிச்சது?"

"என் டேப்பா? காதுல சேத்த அள்ளி அப்பின மாதிரி இருக்குன்னு சொன்னவன் நீதானய்யா!"

"சொன்னேன். தப்புத்தான். வெர்டெல் குரல் எங்கயாவது இருக்கான்னு பாக்கணும், ஹோசியா. எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

ஹோசியாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "உள்ள வா" என்று மட்டும் சொன்னான்.

நிலவறையில் தண்ணீர் புகுந்து கிட்டத்தட்ட எல்லா டேப்புகளும் பூசணம் பிடித்துக் கிடந்தன. தொட்டால் உதிர்ந்தன. கிளியோடிஸ் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்துத் தள்ளிவைத்தார். அலமாரியின் மேல்தட்டில் இருந்த ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. அதை எடுத்து வந்து கூடத்தில் போட்டார்கள். ஹோசியாவின் மனைவி எர்னஸ்டீன் எட்டிப் பார்த்து, "வாங்க பிரதர் பார்ன்வெல், காபி போடறேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

ஒரு பாட்டு முடிந்தது. கைதட்டல். அடுத்தது முடிந்தது. டேப்பில் அந்த மேசையைச் சுற்றி எல்லாரும் இருந்திருக்கிறார்கள், யாரும் பேசவில்லை. கிளியோடிஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு இடைவேளை என்று மேடையில் யாரோ சொன்னார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. டேப்பில் கிளியோடிஸின் குரலே, "பாத்ரூம் போய்ட்டு வரேன்" என்றது. ஹோசியா வழக்கம்போலப் பெட்டியை ஓடவிட்டுவிட்டுக் குடிக்கப் போயிருக்கிறான்.

அப்போது வெர்டெல் சிரித்தாள்.

கிளியோடிஸ் டேப் பெட்டியின் பக்கம் குனிந்தார். அவளேதான். தொண்டைக்குள்ளிருந்து கொப்பளித்து வரும் சிரிப்பு. அது எப்படி மறந்தது? "ஏய் எர்னஸ்டீன், அந்த ரெண்டாவது பாட்டு கேட்டியாடி? எப்படி வளைச்சு வளைச்சு ஊதினான் பாரு!" என்றவள், அந்த மெட்டை அப்படியே வாயால் ஊத ஆரம்பித்தாள். பா-டூ-டா, பா-டூ-டா என்று, ஒரு சுருதி பிசகாமல், விரலால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டு. கிளியோடிஸ் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அவளுக்குப் பாட வரும் என்றே அவருக்குத் தெரியாது. அவளுக்கு இந்தப் பாட்டெல்லாம் பிடிக்கும் என்றும் தெரியாது.

டேப்பில் எர்னஸ்டீன் கை தட்டினாள். "அடிப்பாவி! இத்தனை நாளா எங்கடி ஒளிச்சு வச்சிருந்த? வீட்ல இப்படித்தான் பாடுவியா?"

"வீட்லயா? நல்லா இருக்கே கதை!" என்று வெர்டெல் மறுபடி சிரித்தாள். மறுபடி மெட்டை எடுத்தாள், முன்னைவிடச் சத்தமாக, பக்கத்து மேசைக்காரர்கள்கூட "அப்படிப் போடு!" என்று குரல் கொடுத்தார்கள். கிளியோடிஸின் கண்ணிலிருந்து கோட்டு மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் சிரித்துக்கொண்டும் இருந்தார்.

பாதி மெட்டில் அவள் நிறுத்தினாள்.

"ஐயோ, அவரு வராருடி. பேசாம இரு."

ஒரு நாற்காலி இழுபட்டது. யாரோ ஒரு ஆண் தொண்டையைக் கனைத்தார். அதற்குப் பிறகு அந்த மேசையில் ஒரு சத்தமும் இல்லை. பாட்டு தொடங்கியது. டிரம்ஸ் வந்தது, பியானோ வந்தது, சாக்ஸபோன் வந்தது. அருமையான பதிவு. டேப் தீர்ந்து, காலி முனை பட் பட்டென்று அடித்துக்கொண்டு சுற்றுகிறவரை அவர் அசையவில்லை. ஹோசியாவும் அவரைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சமையலறைக் கதவோரத்தில் எர்னஸ்டீன் காபித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. காலில் செருப்பு இல்லை.

"முடிஞ்சுதா பிரதர் பார்ன்வெல்?" என்று மெதுவாகக் கேட்டாள். "இப்பப் பேசலாமா?"