நலங்குப் பாட்டுக்கு மூன்று வழி

அந்த சிடியின் அட்டையில் மூன்று வெள்ளைக்காரப் பெண்கள் ஒரே மாதிரி நீலக் கவுன் போட்டுக்கொண்டு ஒரே மைக்கின் முன்னால் நிற்பார்கள். எங்கள் மாடியில் குடியிருந்த வெளிநாட்டு அம்மா ஊருக்குத் திரும்பும்போது என் பெரிய நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுப் போனது. அந்தக் குழு ஒரு காலத்தில் பாடிப் பேர் வாங்கிய பாட்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். வார்த்தை ஒன்றும் எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் முதல் பாட்டு முடிவதற்குள் நாத்தனார் கண்டுபிடித்துவிட்டார். "இதுல கோரஸே இல்லடி. மூணு பேருமே ஆளுக்கொரு மெட்டுல சேந்து பாடறாங்க" என்றார்.

இதன் அருமை புரிய எங்கள் நிலைமை தெரிய வேண்டும். நானும் என் இரண்டு நாத்தனார்களும் திருவண்ணாமலையில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் கோரஸ் பாடிக்கொண்டிருந்தோம். பாடகரும் பாடகியும் ஜிகினா உடையில் முன்னால் ஜொலிக்க, நாங்கள் தபேலாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆஹா ஓஹோ என்று இழுப்போம். எந்தக் கல்யாண வீடியோவிலும் எங்கள் முகம் வந்ததில்லை. பெரிய நாத்தனாருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் குரல் முன்னால் நிற்க வேண்டிய குரல் என்பது எனக்கும் தெரியும், ஆர்க்கெஸ்ட்ரா ஓனருக்கும் தெரியும்.

விதைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரிக்க உட்காரும் மதியங்களில் அந்த சிடியைப் போட்டுப் போட்டுக் கேட்டோம். பிறகு நம் நலங்குப் பாட்டையே எடுத்து மூன்றாகப் பிரித்தோம். சின்ன நாத்தனார் மெட்டை அப்படியே பிடிப்பார். பெரியவர் அதே நேரத்தில் அதற்கு மேலே ஏறுவார். நான் கீழே நடக்க வேண்டும். நடந்தால்தானே? வழுக்கி வழுக்கி அவர்கள் மெட்டிலேயே போய் விழுவேன். "உன் வழியில போ, என் வாயப் பாக்காத" என்று பெரியவர் அதட்டுவார்.

முன்னால் நின்று பாடுகிறோம் என்று கேட்டுக் கேட்டு, கீழ்பென்னாத்தூரில் ஒரு வரவேற்பில் ஓனர் மனம் இறங்கினார். "ஒரே ஒரு பாட்டு தரேன். ஜனங்க எழுந்து போயிட்டா, அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது." இரண்டாவது அடியிலேயே முன்வரிசையில் இருந்து மாப்பிள்ளையின் அத்தை எழுந்துவிட்டார். "என்னம்மா இது, ஆளுக்கொரு பக்கம் இழுக்கறீங்க? கல்யாண வீட்டுல ஒத்துமையா பாட மாட்டீங்களா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. சேர்ந்து பாடுவது என்றால் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவதுதான் எங்கள் பக்கத்தில். ஆளுக்கொரு மெட்டு என்றால் சண்டை. மணமேடையில் சண்டை ஆகுமா? ஓனர் நிறுத்தச் சொல்லிக் கையாட்டினார். பெரிய நாத்தனார் மட்டும் நிதானமாக மைக்கைக் கையில் எடுத்தார். "இவ எங்க வீட்டு மருமவ, நாங்க நாத்தனாருங்க. எங்க ஒத்துமை இப்படித்தாங்க இருக்கும்." மண்டபமே சிரித்தது. "தனித்தனியா பாடறோம், கேளுங்க. அப்புறம் சேந்து பாடறோம். புடிக்கலன்னா எறங்கிடறோம்."

அப்படியே பாடினோம். மூன்றும் சேர்ந்தபோது சாப்பிடப் போன கூட்டம் திரும்பி வந்து நின்றது. அத்தை மறுபடி ஒரு தடவை பாடச் சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் முன்னால்தான். எனக்குக் கர்வம்கூட வந்தது, மறைப்பானேன்.

போன வருடம் பெரிய நாத்தனாருக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் தடித்துப்போய், மேலே ஏற மறுத்தது. இனி அவர் பாட மாட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள், நானும்தான். அழுதேன். அவர் அழவில்லை. "மேல போறதுதான போச்சு? கீழ எடம் காலியாத்தான இருக்கும். நீ மேல போ" என்றார்.

போன மாதம் வேங்கிக்கால் மண்டபத்தில் அதே நலங்குப் பாட்டு. அவ்வளவு உயரத்தில் நான் பாடியதே இல்லை. உடைந்துவிடும் என்று பயந்த இடத்தில் கீழிருந்து அவருடைய கரகரத்த குரல் வந்தது. அதன்மேல் கால் வைத்து ஏறிவிட்டேன். கைதட்டலுக்கு நடுவே அவர் காதில், "நீங்க இருந்ததாலதான் அண்ணி ஏறினேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். "இவ்ளோ நாளு நான் எப்படி ஏறினேன்னு நெனச்ச?"